கொடாமையும் கொடையாமோ?

ஈதல் அறம் என்பதில் ஐயுறுவார் இலர். உண்ணுமுன் பிறவுயிர்க்கு ஒரு பிடியேனும் இடுதலை நம்மனோர் நாட்கடனாகவே கொண்டொழுகுவர். ஆயினும் ஈதலே தீங்காய் முடியுமிடமும், ஈயாமையே நன்றாய் முடியுமிடமும் உளவோ என்னும் ஐயம், சிங்கப்பூரில் நண்பரோடு காடு காணச் சென்ற ஒரு நாளில் எமக்கு எழுந்தது. அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

எம் மகன் இல்லத்தில், அந்நகரில், யாம் சில்லாண்டாக வாழ்ந்து வருகின்றாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், கடைக்கணக்கர் ஒருவரும், எம் அடுக்குமாடியில் அண்டை வீட்டினரான சீன முதியவரும் எம்மைப் புக்கித் தீமா காட்டிற்கு அழைத்துச் சென்றனர். அஃது ஏறத்தாழ 163 மீட்டர் உயரமே உடைய கருங்கற் குன்று. பழனி ஏறிய கால்கட்கு இதனை மலையெனச் சொல்ல நாணமே தோன்றும். எனினும் அத்தீவில் இதனினும் உயர்ந்த இயற்கைக் குன்று வேறில்லை. உயரங்கண்டு எள்ளற்க. 1854-ஆம் ஆண்டில் அப்பகுதிக் காடுகளில் தங்கிய வாலேசு என்னும் ஆங்கில உயிர்நூற் புலவர், ஏறத்தாழ இரண்டு திங்களில் 700 வகை வண்டுகளைத் திரட்டியதாகத் தம் நூலில் எழுதியுள்ளார். செராயா மரங்கள் தூண்நிரை போல் நிமிர்ந்து நிற்ப, அடியில் பகலும் மாலைபோல் இருந்தது. ஏறுவழி செப்பனிட்ட சாலையே, ஆயினும் செங்குத்தானது. அறுபது கடந்த எம் முழங்கால்கள் அதனை இன்னும் மறந்தில.

வழியோரத்தில் நீண்ட வாலுடைய குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. தாய்க்குரங்கு ஒன்று குட்டியை மார்போடு அணைத்து எம்மையே நோக்கிற்று. தேக்காச் சந்தையில் வாங்கிய வாழைப்பழச் சீப்பு எம் துணிப்பையில் இருந்தது. பழனி அடிவாரத்தில் இளமைதொட்டுப் பழகிய கை தானே பைக்குள் சென்றது. அவ்வளவில் சீன முதியவர் எம் மணிக்கட்டைப் பற்றி, "ஜாங்ஙான், ஜாங்ஙான்" என்றார். 'வேண்டா' என்பதற்கு மலாய்ச் சொல் அதுவாம். அவர் மொழி யாம் அறியேம். எம்மொழி அவர் அறியார். இடைநின்று பொருள் உரைத்தவர் ஆசிரியர்.

உண்மை சொல்வதாயின், எமக்குச் சினமே உண்டாயிற்று. "ஐயா, இங்கே காட்டுயிர்க்கு உணவிடுதல் குற்றம். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம்" என்றார் ஆசிரியர். ஒரு பழத்திற்கு இத்துணைத் தண்டமா என யாம் வியந்தேம். அருள் அற்ற சட்டம் என்று வாய்விட்டும் கூறினேம்.

முதியவர் வெகுளாது உரைத்தார். மக்கள் கையிற் பழம் பெற்ற குரங்கு காட்டுணவு தேடுதலை மறக்கிறது, கொடாதவரிடம் பறிக்கிறது, பறிக்கக் கற்றபின் வீடுகளுட் புகுகிறது. குடியிருப்பார் முறையிடப் பொறி வைக்கப்படுகிறது. பொறியில் அகப்பட்டது மீள்வது அரிது. 2013-ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரில் 500-க்கு மேற்பட்ட குரங்குகள் இவ்வாறு கொல்லப்பட்டன. கொன்றவர் கை வேறு. அக்கொலைக்கு வழிதிறந்த கைகள் எத்தனையோ! அவற்றுள் ஒன்று பழம் நீட்டிய எம் கை போல்வதாகவும் இருந்திருத்தல் கூடும். இதனைக் கேட்டபின் எம் சினம் நாணமாயிற்று.

அற்றேல், பசித்த உயிர் கண்முன் நிற்பக் கைமடக்குதல் கன்னெஞ்சம் அன்றோ எனின், அக்குரங்கு பசித்திருந்தது என்று யாம் எவ்வாறு அறிந்தேம்? உச்சியில் இளைப்பாறுங்கால் அத்தகைய கூட்டம் ஒன்று அத்திமரத்திற் பரவி, கன்னப்பைகள் புடைக்கப் பழம் அடக்கிச் செல்லுதலைக் கண்டேம். உண்ட பழத்தின் வித்துக்களை அவை வேறிடஞ் சென்று எச்சத்தோடு விடுதலால் பிறிதோரிடத்தில் மரம் முளைக்கிறது. குரங்கு காட்டில் உண்ணும் உணவு காட்டிற்கும் ஊணாகிறது. யாம் இடும் பழம் அத்தொழிலை இடைமுறிக்கிறது. இரவலர் என யாம் கருதியவை அவ்விடத்திற்கு உரியவை. யாமே அங்கு விருந்தினர். விருந்துண்ணச் சென்றவன், அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தாய் அறியாமல் எதனையோ ஊட்டுவானாயின் அதனை அன்பென்று கொள்வார் யார்? அயல்நாட்டில் வாழும் எமக்கு இஃது அன்று சற்று ஆழமாகவே தைத்தது.

இன்னும் ஒன்று. பழம் நீட்டுங்கால் எம் உள்ளத்தில் நிகழ்ந்தது யாது? அக்குட்டியின் பசி தணிதலை விட, அதன் சிறுகை எம் கையைத் தொடும் இன்பமே முன்னின்றது. ஈகையென்று பெயரிட்டு யாம் வாங்க முயன்றது எம் மகிழ்ச்சியே.

இதனை இறைவனது மறக்கருணையோடு ஒப்பிடலாமே என்று கணக்கர் கூறினார். அது பொருந்தாது. ஒறுத்தும் அருளுதல் முற்றறிவுடைய முதல்வற்கே உரியது. சிற்றறிவினேம் கைமடக்கியது ஒறுத்தலுமன்று, அருளுமன்று. அறியாது செய்யவிருந்த பிழையொன்றைச் செய்யாது விட்டதே. அதற்குப் பெரும்பெயர் இடுதல் ஆகாது.

அங்ஙனமாயின், நம் நாட்டுக் கோயின்மலைக் குரங்குகட்கும் இனிப் பழம் இடலாகாதோ எனின், அவ்வினா வேறு. தலைமுறை தலைமுறையாக அடியார் கையையே நம்பி, சுற்றிலும் காடிழந்து வாழும் குரங்கிற்கு ஒருநாளில் கைவிரித்தல் பட்டினியிட்டுக் கொல்வதாகும். அதன் பழக்கத்தை உண்டாக்கினவர் நாமேயாகலின் அதன் கடனும் நம்மதே. எனினும், அக்கடனை இன்னும் எத்தனை தலைமுறைக்கு வளர்ப்பது, மரம் நட்டு அதனைக் குறைப்பது எவ்வாறு என்பவற்றில் யாம் இன்னும் ஒரு துணிவிற்கு வந்திலேம்.

பழச்சீப்பு எம்மோடே மீண்டது. குரங்குகள் பையைப் பறியாவண்ணம் கணக்கர் அதனைத் தம் முதுகுப்பையுள் மறைத்திருந்தார். இரயிலில் உண்ணலாம் என்றாலோ அதற்கும் அங்குத் தடை. வீடு சேர்வதற்குள் பழங்கள் கன்றிக் குழைந்தன. அன்று மாலை எம் மருமகள் அவற்றைப் பிசைந்து பணியாரம் சுட்டாள். முதல் தட்டு அண்டை வீட்டிற்குச் சென்றது.