கூலியோடு கடன் தீருமா?

நீரை வடிகட்டிப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் நம் இல்லங்களின் பழக்கம். கண்ணுக்குப் புலனாகாத உயிருக்கும் ஊறு நேரலாகாது என்பதே அதன் கருத்து. கல்நாரைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழானது. இங்கே புலனாகாதது ஊறு செய்யும் பொருள். ஊறுபடுபவரோ நம் கண்முன் நிற்கும் கூலித் தொழிலாளர்.

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரைச் சிமெண்டுடன் கலந்து செய்த கூரைத் தகடுகளை மஞ்சக்குப்பத்தில் மாட்டுக்கொட்டில்களிலும் பட்டறைகளிலும் காண்கிறோம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தபோது இவ்வட்டாரத்தில் கூரைகள் பல பெயர்ந்தன. தகடு முழுமையாக இருக்கும்வரை இடர் குறைவு. உடைத்தாலும் அறுத்தாலும் நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். தீராத மூச்சுத்திணறலும் புற்றுநோயும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். அதற்குள் கூரையைப் பிரித்தவர் எங்கேயோ, பிரிக்கச் சொன்னவர் எங்கேயோ!

இந்தக் கால இடைவெளியை 1995 ஜனவரி 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு கருத்தில் கொண்டது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்பை வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள், அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்குமாறு ஆலைகளைப் பணித்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய அடிப்படை உரிமை என்றும் உரைத்தது. கூலி கொடுத்ததும் முதலாளியின் கடமை முடிவதில்லை என்பதே இதன் சாரம்.

ஒருநாள் கூலிக்குக் கொட்டகை பிரிப்பவருக்குப் பதிவேடு ஏது? 'அவரே ஒப்புக்கொண்டுதானே வந்தார்' என்பது விடையாகாது. இடரை அறியாதவர் தரும் ஒப்புதல், ஒப்புதல் அன்று. அறிந்தவர் சொல்லக் கடமைப்பட்டவர்.

தகட்டை நீரால் நனைத்து, ஆணிகளைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். முகத்தில் துண்டைக் கட்டுவது போதாது. நுண்துகளைத் தடுக்கும் முகமூடி வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது. தூசு படிந்த உடையோடு வீடு செல்லலாகாது. அத்தகைய உடைகளைத் துவைத்த மனைவியரும் நோயுற்றதை உலகம் கண்டிருக்கிறது. உடைசல்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் பொதிந்து, அபாயக் கழிவை ஏற்கும் இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும், குளக்கரையில் கொட்டலாகாது. இதற்காகும் செலவு கூரைக்கு உரியவரைச் சார்ந்ததே.

எடுத்தல், வைத்தல், கழித்தல் ஆகியவற்றில் விழிப்பு, முனிவர்க்கு வகுத்த சமிதிகளுள் அடங்கும். இல்லறத்தார்க்கு அத்துணைக் கடுமை இல்லை. ஆயினும், நம் கொட்டகையின் தூசு பிறர் மூச்சில் முப்பது ஆண்டுகள் தங்குமெனில், அதைப் பிறர் வினை என்று நாம் ஒதுக்க இயலாது. அடுத்த கூரையைப் பிரிக்குமுன் நம் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.