முன்னும் பின்னும் இல்லாத சித்திரம்

மனிதனுக்கு முகம் ஒரு பக்கத்தில் மட்டுமே அமைந்திருப்பதால், அவன் உலகத்தையும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே அறிந்து, அறிந்த பகுதியையே முழுமையென்று மயங்கி, அந்த மயக்கத்தின் பேரிலேயே தன் சுகதுக்கங்களுக்குக் கணக்கும் எழுதிவிடுகிறான். ஓவியர்களும் இதற்கு விலக்கல்லர். இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435-இல் சித்திரக் கலையைப் பற்றி எழுதிய நூலில் படத்தைத் திறந்த சாளரமாகப் பாவித்தார். அது முதல் ஐரோப்பிய ஓவியன் ஓரிடத்தில் அசையாமல் நின்று, தன்னை விட்டு விலகிச் செல்லும் கோடுகள் யாவும் தொலைவில் ஒரு மறைபுள்ளியில் ஒடுங்குமாறு வரைந்து, தட்டையான பரப்பிலே ஆழத்தைத் தோற்றுவிக்கும் வித்தையில் தேர்ந்தான். அந்த வித்தையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் சாளரம் எத்தனை பெரிதானாலும், அதன் வழியே பார்ப்பவன் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அறியமாட்டான்.

இந்தக் குறையை நீக்க விரும்பிய ராபர்ட் பார்க்கர் என்பவர், வட்டமான சுவரில் சுற்றிலும் காட்சியை எழுதிப் பார்ப்பவனை நடுவில் நிறுத்தும் முறைக்கு 1787-இல் பிரிட்டனில் உரிமம் பெற்றார். அந்த ஓவியத்தில் நகரம் முழுவதும் சுழன்று வந்தது; ஆனால் தலைக்கு மேலுள்ள ஆகாயத்தின் உச்சியும் காலடி மண்ணும் அதில் அடங்கவில்லை. அவற்றையும் சேர்த்துக்கொண்டவர், அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்து ஸ்பியர்ஃபிஷ் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டிக் டெர்மெஸ். 1968 முதல் அவர் கோளங்களின் மேல் ஓவியம் தீட்டி வந்திருக்கிறார்.

அவருடைய முறையைச் சற்று நிதானித்துப் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் பெரிய பந்து ஒன்றின் மையத்தில் நம் கண் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, உச்சி, அடி என்று அதன் மேல் ஆறு புள்ளிகளைக் குறிக்க வேண்டும். ஒரு மண்டபத்தை வரைவதாயின், வடதென் திசையாக ஓடும் சுவரின் விளிம்புகளெல்லாம் வடக்குப் புள்ளியில் பிறந்து, நடுவில் ஒன்றையொன்று விட்டு அகன்று, மறுபடியும் நெருங்கித் தெற்குப் புள்ளியில் சென்று சேரும். கிழக்கு மேற்காகச் செல்லும் உத்தரங்கள் அவ்விரு திசைகளின் புள்ளிகளைப் பற்றிக்கொள்ளும். தூண்களோ உச்சிப் புள்ளியையும் அடிப் புள்ளியையும் இணைக்கும் வளைவுகளாகிவிடும். நேர்கோடு ஒன்றுகூட மிஞ்சாத அந்தச் சித்திரத்தில், மையத்திலுள்ள கண்ணுக்கு எல்லாக் கோடுகளும் நேராகவே தோன்றும் என்பது கணிதத்தின் விந்தை. தீட்டி முடித்த கோளங்கள் கூரையிலிருந்து தொங்கி, சிறு மோட்டாரின் விசையால் மெல்லச் சுழல்கின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், பந்து உட்குழிந்து, எதிர்த்திசையில் சுழல்வது போன்ற பிரமையும் உண்டாகிறது.

இந்தக் கோளத்துக்கு முன்பக்கமென்றும் பின்பக்கமென்றும் ஒன்று கிடையாது. காட்சியை வெட்டி நிறுத்தும் சட்டமும் கிடையாது. எனினும் பார்ப்பவனுக்கு அது முழுவதையும் ஒரே நொடியில் வழங்கிவிடுவதில்லை. எதிரெதிரான இரு புள்ளிகள் ஒருசேரத் தென்பட வழியில்லாததால், எங்கே நின்றாலும் ஆறு மறைபுள்ளிகளில் மூன்றுக்கு மேல் கண்ணில் படா. முழுமை கண்ணெதிரிலேயே தொங்கினாலும், அதை அறிவதற்குக் காலமும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோவிலில், கருவறையைச் சூழ்ந்த குறுகலான உட்சுற்றில், பிற்காலத்துப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை எஸ். கே. கோவிந்தசாமி 1931-இல் வெளிப்படுத்தினார். அவற்றுக்கும் டெர்மெஸின் கணிதத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பின்வாங்கி நின்று பார்க்க இடமில்லாத அவ்வழியிலும், பிரதட்சிணமாக நடப்பவனுக்கே சித்திரம் சிறிது சிறிதாகத் தன்னைத் திறந்து காட்டுகிறது.

கோளச் சித்திரத்தின் வேறொரு தன்மையே என் சிந்தையை அதிகமாக ஈர்த்தது. அதில் மேலும் கீழும் நாற்புறமும் இடம்பெறுகின்றன. மையத்தில் நின்று பார்த்தவனின் முகம் மட்டும் இடம்பெறுவதில்லை. கோடுகள் யாவும் அவனைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றன. எனினும் அவன் அங்கே தன் உருவத்தைக் காண இயலாது. இதற்கு நேர்மாறான அனுபவத்தை ஜொகூர் பாருவிலுள்ள அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்தில் பெறலாம். 1922-இல் எளிய குடிலாகத் தொடங்கிய அத்தலம், சுவரிலும் தூணிலும் விதானத்திலும் ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பெற்று, இன்று கண்ணாடிக் கோவில் என்றே பிரசித்தி பெற்றிருக்கிறது. நடுவே நின்று எத்திசையை நோக்கினாலும், ஒரு துண்டில் நம் நெற்றித் திருநீறு, அடுத்ததில் சட்டையின் ஓரம், அதற்கும் அப்பால் பக்கத்தில் நிற்பவரின் கூப்பிய கை என்று நாமும் பிறரும் சிதறிக் கலந்து மின்னுகிறோம். அம்பாள் சந்நிதியில் அது பக்தனுக்குத் தன் சிறுமையை உணர்த்துமாயின் நன்றே. சந்நிதியை விட்டு வெளியே வந்த பிறகும், பார்க்கும் ஒவ்வொன்றிலும் தன் பிம்பத்தையே தேடிக்கொண்டிருப்பவனுடைய நிலைதான் இரங்கத்தக்கது.

வாழ்க்கையில் நம்மை நடுவிலிருந்து அகற்றிவிட முடியாது. துறவிக்கும் அவன் கண் அவன் தலையிலேதான் இருக்கிறது. ஆகவே மையத்தில் நிற்பது அகங்காரமாகாது. மையத்தில் நிற்கும் காரணத்தாலேயே காட்சி நம்மைப் பற்றியது என்று எண்ணுவதுதான் அகங்காரம். எங்கள் ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களில் இதைப் பிரத்யட்சமாகக் காணலாம். ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பாக மரங்களை நடுவது அங்கே வழக்கம். ஆதலால் ஒரு மரத்தடியில் நின்று மெல்லத் திரும்பினால், ஆறு நிரைகள் ஆறு திசைகளில் ஓடிக் குறுகி மறைவதைப் பார்க்கலாம். உலகமே நம் காலடியிலிருந்து புறப்படுகிறதோ என்று ஒரு கணம் பெருமிதம் பிறக்கும். அடுத்த மரத்துக்கு நடந்து சென்றால், அங்கிருந்தும் அப்படியே ஆறு நிரைகள் புறப்படுகின்றன. அங்கே மட்டை வெட்டிக்கொண்டிருக்கும் மனிதருக்கும் அவரே மையம்.

இந்தச் சிறு உண்மையை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட பாலத்தின் வழியே, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞனுக்குத் தென்திசை ஒன்றே எதிர்காலமாகத் தெரிகிறது. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ பால்மரம் வெட்டி ஓய்ந்த அவனுடைய தாத்தாவுக்கு, லயத்து வாசலும் மாரியம்மன் திருவிழாவும் நிறைந்திருந்த அந்தப் பழைய தோட்டமே உலகமாக இருக்கிறது. பேரனுக்கு நன்றியில்லை என்று இவரும், தாத்தாவுக்குக் காலம் தெரியவில்லை என்று அவனும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இருவரும் கண்டது மெய். இருவரும் தத்தம் சாளரத்தை விட்டுத் திரும்பவில்லை என்பதும் மெய்.

எப்போதும் எல்லாத் திசைகளையும் பார்த்துக்கொண்டிருப்பவன் எங்ஙனம் நடப்பான் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பால் வெட்டுகிறவர், கத்தி படும் பட்டையைத்தான் பார்க்க வேண்டும். பாலத்து நெரிசலில் வண்டி ஓட்டுகிறவன் முன்னே பார்க்காவிட்டால் பிழைக்கமாட்டான். காரியத்துக்கு ஒரு திசை போதும். காரியம் செய்கிறவனுக்கு அந்த ஏகாக்கிரதை தர்மமுங்கூட. ஆனால் என் வாழ்வு நல்லதா, இன்னார் எனக்குச் செய்தது சரியா, நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பன போன்ற தீர்ப்புகளை, ஓடுகிற வேகத்தில் கண்ட முன்பக்கத்தை மட்டும் சாட்சியாகக் கொண்டு வழங்குவது அநீதியாகும். அவ்வேளையில் நின்று, ஒரு முழுச் சுற்றுத் திரும்பி, தாங்கும் மண்ணையும் மேலே கவிந்திருப்பதையும் விடாமல் நோக்கி, ஒவ்வொரு திசைக்கும் அதற்குரிய மறைபுள்ளியை அளித்த பிறகே வாய் திறக்க வேண்டும். அப்படித் திரும்பிப் பார்க்கிற பேரன் பாலத்தைக் கடப்பதை நிறுத்தவேண்டியதில்லை. தாத்தாவும் தோட்டத்தை மறக்கவேண்டியதில்லை. ஒருவரையொருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கத்தை மட்டும் அவர்கள் கைவிட்டால், அவ்வளவே ஒரு குடும்பத்துக்குப் பெரிய லாபம்.