மற்றவள்
ஹோமரின் ‘ஒடிஸி’யில் தந்தை சொல்லுக்காக டெலிமாக்கஸ் 12 பணிப்பெண்களைக் கொல்கிறான். அவர்கள் தூக்கில் துடிக்கும் இடத்தில் ஒருத்திக்கும் பெயரில்லை.

நம்மிடமும் ஒருத்தி உண்டு. ஜமதக்னியின் சொல்லுக்காகப் பரசுராமன் தாய் ரேணுகையை வெட்ட வருகிறான். அவளைக் கட்டிக்கொண்டு காக்க முயன்ற சேரிப் பெண்ணும் வெட்டுப்படுகிறாள். அவன் வரம் கேட்பது தாய்க்கு மட்டும். அவசரத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. ரேணுகையின் தலையும் சேரிப் பெண்ணின் உடலும் மாரியம்மன்; மற்றது எல்லையம்மன் என்பது ஒரு வழக்கு.

ஆக, அவள் உயிர்த்தது நியாயத்தால் அல்ல, கைப்பிசகால். அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆடியில் மாரிக்குக் கூழ் வார்க்கிறோம். கதை சொல்லும்போது தலைக்கு உரியவளையே பெயர் சொல்கிறோம். இந்த வழக்கின்படி, அபயம் காட்டும் கை மற்றவளுடையது. தர்மம் மறந்தவளை ஒரு தவறு காப்பாற்றியிருக்கிறது. அதைத் தர்மத்தின் கணக்கில் எழுதிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.