வீட்டில் இருப்பவரின் பாரம்

சவூதியில் மாலை ஆறரை மணி என்றால் இங்கே இரவு ஒன்பது. கட்டட வேலை முடிந்து கேம்ப்புக்கு பஸ் ஏறும் நேரத்தில், இராமநாதபுரத்திலோ பெரம்பலூரிலோ இருக்கும் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். தகப்பனும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேச வெள்ளிக்கிழமை விடுமுறை வர வேண்டும்.

போனவர் படும் பாட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வீட்டில் இருக்கும் மனைவியை மறந்துவிடுகிறோம். விசாவுக்காக ஏஜென்டிடம் கொடுக்க வாங்கிய கடன் அடையும்வரை, வருகிற பணம் வட்டிக்கும் அசலுக்கும் போய்விடும். அந்த நாட்களில் மளிகைக் கடைக்காரருக்குப் பதில் சொல்வதும், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதும் அவள் ஒருத்திதான். ஊர் அவளுக்குத் தாராளமாகத் தருவது கண்காணிப்பு. எங்கே போனாள், யாரிடம் பேசினாள் என்று கணக்கெடுப்பதையே உதவி என்று நினைக்கும் கொழுந்தன்மார் உண்டு. அது உதவியல்ல, காவல். பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். செலவை அவளே முடிவு செய்யட்டும். மற்ற உதவிகளெல்லாம் அதற்குப் பிறகு.

போவது தாய் என்றால் சந்தேகம் சட்டத்திலேயே ஏறிவிடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று இலங்கையில் 2013இல் கட்டுப்பாடு வந்தது. தகப்பனுக்கு அப்படி எதுவுமில்லை. பின்னர் தளர்த்தினார்கள். ஊர்வாய் தளர்ந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, "அப்பா வரட்டும், சொல்றேன்" என்பது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மனிதரைப் பூச்சாண்டியாக்கி வைத்தால், அவர் வந்து இறங்கும்போது பிள்ளை கதவுக்குப் பின்னால்தான் நிற்கும். மதிப்பெண் பட்டியல் முதலில் அவர் போனுக்குப் போகட்டும். எந்தக் குரூப் எடுப்பது என்று பிள்ளையே அவரிடம் கேட்கட்டும்.

இன்னொன்றும் உண்டு, பேச யாருக்கும் மனம் வராதது. குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் (ECR) பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். அந்தப் பாலிசி எங்கே இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், பாலிசி, பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இல்லையென்றால் உடனிருந்து வாங்கிக் கொடுங்கள்.