யார் செவிக்கு இந்த ஓசை?

'சைலன்சர்' என்னும் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். அமைதியாக்குவது என்பதே அதன் நேர்ப்பொருள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள், எஞ்சினின் புகைக்குழாய்க்கு ஒலியடக்கும் கருவியொன்றைச் செய்து 1897இல் காப்புரிமை பெற்றார்கள். மோட்டார் வண்டி தெருவுக்கு வந்த தொடக்க நாள்களிலேயே, அது மனிதர் குடியிருக்கும் தெரு என்னும் நினைவும் உடன் வந்துவிட்டது எனலாம். இன்றோ உதிரிபாகக் கடைக்குள் நுழையும் இளைஞர் 'நல்லா சத்தம் வர்ற சைலன்சர்' வேண்டும் என்கிறார். கடைக்காரரும் சிரிக்காமல் எடுத்துக் கொடுக்கிறார்.

மேலை நாடுகளில் இந்த ஆசை பெரும்பாலும் காரை நாடுகிறது. நம் ஊரிலோ புல்லட் முதலிய இருசக்கர வண்டிகளை. 'பஞ்சாபி', 'இந்தூரி', 'ஷார்ட் பாட்டில்' என்று அவற்றுக்குரிய குழாய்களுக்குப் பெயர்களும் உண்டு. வண்டி எதுவாயினும் கேட்கப்படும் வரங்கள் இரண்டு: வேகம், ஓசை. இவ்விரண்டும் ஒன்றே என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

எஞ்சினின் வால்வு திறந்ததும் எரிந்த வாயு அழுத்தத்தோடு, துடிப்புத் துடிப்பாகக் குழாயில் பாய்கிறது. அந்தத் துடிப்பு வெளிக்காற்றை அறைவதே நாம் கேட்கும் ஓசை. வாயு தடையின்றி வெளியேறினால் அதைத் தள்ளுவதற்கு எஞ்சின் செலவிடும் ஆற்றல் மிச்சமாகும். குழாயின் நீளமும் விட்டமும் பொருந்தி அமைந்தால், முன்சென்ற துடிப்பின் பின்னே தோன்றும் தாழ்ந்த அழுத்தம் அடுத்து வரும் வாயுவை இழுத்துக்கொள்ளவும் செய்யும். ஆகவே புகைக்குழாயை மாற்றி வேகம் கூட்டலாம் என்பது பொய்யன்று. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்ட்டர் காடன் என்னும் பொறியாளர் 1950களில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அமைத்த வயிறு பருத்த குழாய், மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் போக்கையே மாற்றியது. ஆனால் அங்கே ஆற்றலைத் தந்தது குழாயின் வடிவம். அதன் இரைச்சல் அன்று.

தெருவில் ஓடும் சாதாரணக் காரின் கடைசியில் உள்ள சைலன்சர் பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு வெறுங்குழாய் பொருத்துபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓசைதான். உண்மையிலேயே வேகம் வேண்டுமென்றால், எஞ்சினோடு சேரும் ஹெடர் குழாய்களிலிருந்து எரிபொருளை அளக்கும் கணினி வரை பலவற்றைத் திருத்த வேண்டும். துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் பொதிந்த சைலன்சர்களும் உண்டு. அவை வாயுவையும் தாராளமாக விடும், ஓசையையும் ஓரளவு விழுங்கும். விவரம் அறிந்த மெக்கானிக் இதையெல்லாம் எடுத்துச் சொல்வார். கேட்பவர் குறைவு. சிலர் இன்னும் ஒரு படி போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே அகற்றிவிடுகிறார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களைக் கொண்ட அக்கருவிதான் கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களை மாற்றி அனுப்புகிறது. சத்தமாவது காதில் விழுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். நச்சுக்காற்று அதுகூடச் செய்வதில்லை.

எனவே, 'வேகத்துக்காகத்தான்' என்னும் விடை போதாது. பலர் ஓசையை ஓசைக்காகவே விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை எளிதில் இகழ்ந்துவிடவும் கூடாது. நன்றாக இயங்கும் எஞ்சினின் முழக்கத்தில் ஒரு நிறைவு இருக்கிறது. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் எஞ்சினின் முழக்கத்தையே வணிகச் சின்னமாகப் பதிவுசெய்யுமாறு 1994இல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்கள் எதிர்க்கவே, 2000இல் கைவிட்டது. ஓசைக்கு உரிமை கோரியவர்கள் உண்டு. அது போய் விழும் காதுகளுக்குப் பொறுப்புக் கோரி யாரும் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை. மேலும், வீட்டிலும் வேலையிடத்திலும் எவரும் செவிகொடாத ஓர் இளைஞனுக்கு, முறுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும் கைப்பிடி ஒன்று கிடைத்திருக்கிறது. அதைத் திமிர் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

பாதுகாப்பு என்றொரு வாதமும் உண்டு: சத்தம் கேட்டால் மற்றவர்கள் விலகுவார்களாம். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழுவினர் 1981இல் அறிக்கை அளித்தார்கள். ஆபத்து பெரும்பாலும் எதிரிலிருந்தே வருகிறது என்பது அதில் தெளிவு. புகைக்குழாயோ பின்னோக்கிப் பார்க்கிறது.

இனி, மற்றொன்றைப் பார்ப்போம். 2011இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 காரில், எஞ்சினின் முழக்கத்தைக் காருக்குள் இருக்கும் ஒலிபெருக்கிகள் வழியாக ஓட்டுநருக்குக் கேட்கச் செய்தார்கள். வேறு நிறுவனங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. இன்பம் ஓட்டுபவர் செவிக்கு மட்டும் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு ஏது? எனினும் கார்ப் பிரியர்கள் பலர் இதைப் போலி என்று ஒதுக்கினார்கள். மெய்யான ஓசையை விரும்பும் அவர்கள் மனத்தை மதிக்கலாம். ஆயினும் அந்த வெறுப்புக்குள் மற்றொன்றும் ஒளிந்திருக்கவில்லையா? பிறர் கேளாத முழக்கத்தில் பாதிச் சுவை போய்விடுகிறது. வெளியில் நிற்பவன் தலை திரும்ப வேண்டும். அவன் விரும்பினானா என்று எவரும் கேட்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஓசை ஒன்றும் நம் காலத்தில் பிறந்திருக்கிறது. மின்சாரக் கார் மெதுவாகச் செல்லும்போது ஓசையே எழுவதில்லை. பார்வையற்றவர்கள் அது வருவதை அறியாமல் சாலையில் கால் வைத்துவிடக் கூடும். ஆகவே ஐரோப்பிய ஒன்றியம், 2019 ஜூலை முதல் புதிய வகை மின்சாரக் கார்களிலும், 2021 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லா மின்சாரக் கார்களிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை ஓசை எழுப்பும் கருவி இருக்க வேண்டும் என விதித்தது. 20 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வோசை 56 டெசிபலுக்குக் குறையக் கூடாது. 75ஐத் தாண்டவும் கூடாது. ஆக, தெருவில் எழும் ஓசை தன்னளவில் தீமையன்று. கேட்பவனுக்காக எழுப்பப்படும் ஓசையும் இருக்கிறது, கேட்பவன்மேல் கொட்டப்படும் ஓசையும் இருக்கிறது.

சட்டம் தன் பங்குக்குப் பேசியிருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது 2000இல் வந்த இந்திய ஒலி மாசு விதிகளின் வரம்பு. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஒலி மாசுத் தரங்களை மீறி வண்டி ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தருகிறது. இதைச் சொல்லும் வாயால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் ஒலிபெருக்கி குறித்து அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறர் அமைதியைக் கெடுத்து வேண்டுதல் செய்ய எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேறொரு சபையின் ஆலயம் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். நம் திருவிழாக் கூம்புகளின் அருகே குடியிருப்போர் அந்த ஆறுதலில் பங்குகொள்வார்களா என்பது ஐயமே. சைலன்சரைக் கழற்றிய பிள்ளையைக் கண்டிக்க எழும் பெரியவர், அதற்குமுன் ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவது நலம்.

எடுத்த பொருளைத் திருப்பித் தரக் கடமையுண்டு என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். பணத்தை எடுத்தவன் பணத்தைத் தரலாம். இரவுப்பணி முடித்துப் பகலில் கண்ணயர்ந்த செவிலியின் உறக்கத்தை எடுத்தவன் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பான்? யாரிடம் எடுத்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. அதற்குள் நான்கு தெரு தாண்டியிருப்பான். உறங்குபவர் விழிக்காவிட்டாலும் இரைச்சலுக்கு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன என்கிறார்கள் மருத்துவர்கள். நீடித்த சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் கணக்கில் எடுத்திருக்கிறது.

தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்லவும் முடியவில்லை. இரவு நேரங்கழித்து வரும்போது, தம் தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, அப்பா விழித்துவிடாதபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஓசை எங்கே விழும், யாரை எழுப்பும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவிலும் இதே கதைதான், வசதி மட்டுமே கூடுதல். ஃபோர்டு நிறுவனத்தின் பொறியியல் அதிகாரி ஒருவர் தம் வீட்டில் ஷெல்பி மஸ்டாங் காரைக் கிளப்பியபோது, இரைச்சல் பொறுக்காத அண்டை வீட்டார் காவலரை அழைத்துவிட்டார். அதன் பயனாக 2018ஆம் ஆண்டு மஸ்டாங்கில் புதிய ஏற்பாடொன்று வந்தது. 'நல்ல அண்டை வீட்டார்' என்றே அதற்குச் செல்லப்பெயர். புகைக்குழாயில் உள்ள வால்வுகள் மூடிக்கொள்ள, கார் அடக்கமாகக் கிளம்பும். இரவு எட்டு முதல் காலை ஏழு வரை என்று நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கலாம். எந்தெந்தத் தெருவில் என்று குறிக்க மட்டும் அதில் இடமில்லை.