தூண்டாத சுடரும் தூண்டும் விளக்கும்

திருவிளக்கு எரிவதற்கு எண்ணெய் வேண்டும், திரி வேண்டும், தூண்டுவதற்கு ஒரு கையும் வேண்டும். இவை யாதுமின்றியே நெடுங்காலம் எரியும் சுடர்களும் உலகில் உண்டு. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் எனப் போற்றப்படும் நேபாளத்து முக்திநாத்தில், எம்பெருமான் ஸந்நிதிக்கு அண்மையில் ஜ்வாலாமாயி கோயில் உள்ளது. அங்கே பாறையடியில், நீர் ஓடும் இடத்திலேயே, சிறு நீலச் சுடர் எரிகின்றது. இவ்வாறு எண்ணெயின்றிச் சுடரேற்ற வல்ல பெருமானுக்கு, நாம் இடும் அகல் விளக்கு எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

விடை அச்சுடரின் அடியிலேயே உள்ளது. நிலத்தினின்று கசியும் எரிவாயுவே அதனை எரிக்கின்றது. இத்தகைய வாயு பெரும்பாலும் பண்டு சேற்றில் புதைந்த உயிர்களின் எச்சத்தால் உண்டாவது. அரியலூர், பெரம்பலூர்ச் சீமையும் ஒருகால் கடலாய் இருந்ததே. காரைப் பகுதியில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரினம் கல்லாய்க் கிடைக்கின்றது. கண்டகி நதியின் சாளக்கிராமமும் அவ்வினத்தின் கல்லுருவே என்பர் நிலநூலார்; எம்பெருமான் உகந்து உறையும் திருமேனிக்கு அதனால் குறைவொன்றும் இல்லை. சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரம் கல்லாய்க் கிடக்கின்றது. புதைந்தவற்றுள் சில கல்லாயின, சில வாயுவாயின. ஆகவே தூண்டாத சுடருக்கும் எண்ணெய் வார்க்கப்பட்டே இருக்கின்றது. வார்த்த காலமே நம் கணக்கிற்கு எட்டாதது.

வார்ப்பது குன்றினால் அச்சுடரும் அணையும். அஜர்பைஜான் நாட்டின் பாகூ நகரை அடுத்த சுராகானியில், பாரத வணிகர் வழிபட்ட அக்கினிக் கோயில் உள்ளது. வடமொழிக் கல்வெட்டுகளும் அங்கு உள. தானே எரிந்த அத்தீ, அவ்வட்டாரத்து எரிவாயுவை மாந்தர் மிகுதியாக எடுத்தமையால் 1969-இல் அணைந்தது. இன்று குழாய்வழி வாயுவைச் செலுத்தியே அதனை எரிக்கின்றனர்.

நம் சோழநாட்டுக் கோயில்களின் நந்தா விளக்கையும் எண்ணுக. விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் விட்டதாகக் கல்வெட்டுகள் பல கூறும். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். ஆடு மூப்பதும் சாவதும் உண்டு. எனினும் குட்டிகளால் ஈடுசெய்து, எண்ணிக்கை குன்றாது காத்து, நாள்தோறும் நெய் அளந்தனர். தலைமுறை தலைமுறையாகத் தவறாத அந்நேர்மையே விளக்கை நந்தாமல் நிறுத்தியது.

பாகூவில் எடுத்த கை சுடரை அணைத்தது; நம் கோயிலில் வார்த்த கை சுடரைக் காத்தது. பெருமானுக்கு நம் விளக்கால் ஆவது ஒன்றில்லை. அவன் தந்ததில் ஒரு துளியை அவனுக்கே திருப்பி அளிக்க நம் கை பழகவேண்டும் என்பதே கைங்கர்யத்தின் கருத்து. இத்திருவிழாவில் அகலேற்றும் அடியார்கள் இதனை நெஞ்சிற் கொண்டு உய்வார்களாக.