வருகைப் பருவம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறந்துவிட்டால், எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரானாலும் கல்லாவியானாலும், பெற்றவள் காதில் சீக்கிரமே விழும் சொல் 'முன்வினை'. பலர் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் விதித்தது இதுதான் என்றால் பிள்ளையைக் குப்புறப் போட்டுப் பழக்குவது எதற்கு என்ற எண்ணம் பின்னாலேயே வந்துவிடுகிறது. பிள்ளை தூளியிலேயே கிடக்கிறது. உடல் சொல்லும் காரணம் வேறு. 21ஆம் குரோமோசோம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக அமைந்துவிடுகிறது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது இது. தாய் தின்றதும் பார்த்ததும் இதற்குக் காரணமல்ல. நம்புகிறவருக்கு இந்த விளக்கம் போதாது என்றால், அவருடைய சித்தாந்தத்தையே கேட்கலாம். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இனிமேலுக்காக இன்று நாம் செய்யும் ஆகாமியம். கைகட்டி நிற்பவர் மூன்றாவதை மறந்துவிடுகிறார். குழந்தையின் உடலைத் தண்டனை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஏற்பவருக்கும்கூட, இன்று மாலை பிள்ளையைப் பாயில் விடுவதா வேண்டாமா என்பது ஆகாமியம்தான். அது முழுக்க அவர் கையில் இருக்கிறது.

அந்தக் கைக்கு எவ்வளவு வலிமை என்பதற்குச் சான்று உண்டு. இக்குழந்தைகளுக்குத் தசை தொளதொளவென்றிருக்கும், மூட்டுகள் நெகிழ்ந்திருக்கும். மற்ற பிள்ளைகள் ஒரு வயதையொட்டி நடக்கும்போது இவர்கள் இரண்டு வயதையொட்டி நடக்கிறார்கள். சிலருக்கு இன்னும் தாமதமாகும். அமெரிக்காவில் டேல் உல்ரிச் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 30 குடும்பங்களில் ஒரு பகுதியினர் குழந்தையைச் சிறு டிரெட்மில் மேல் பிடித்து நிறுத்தி, தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள் அடியெடுத்து வைக்கச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 101 நாள் முன்னதாகத் தனியே நடந்தார்கள். எந்திரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அதை வீட்டில் செய்தவர்கள் பெற்றோர் என்பதுதான். கல்லாவியில் யாரும் டிரெட்மில் வாங்க வேண்டாம். குப்புறக் கிடக்கும் பிள்ளைக்கு முன்னால் பளபளக்கும் சொம்பை வைத்தால் தலை நிமிரும். உட்காரும்போது அக்குளைத் தாங்காமல் இடுப்பைப் பிடித்தால் முதுகு வேலை செய்யும். நிற்கத் தொடங்கியதும், பழைய மர நடைவண்டி நல்லது. நடுவில் உட்காரவைக்கும் பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம். அதில் பிள்ளை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருப்பதால் முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். கழுத்தை வலிந்து வளைக்கவும் கூடாது.

எப்படியும் நடக்கத்தானே போகிறார்கள், அவசரம் என்ன என்று கேட்கலாம். பாதி சரிதான், அனேகமாக எல்லோரும் நடப்பார்கள். ஆனால் நெகிழ்ந்த மூட்டு தனக்குத் தோன்றிய குறுக்குவழியைப் பிடித்துக்கொள்ளும்: கால்கள் அகன்று, முழங்கால் பின்னுக்குப் பூட்டிக்கொண்டு, பாதம் வெளிப்பக்கம் திரும்பும். அது பழகிவிட்டால் பின்னாளில் வலிக்கும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: உள்ளபடி ஏற்றுக்கொள்வதுதான் அன்பு, பயிற்சி என்பது 'நீ போதாது' என்று சொல்வது. இதற்குப் பிள்ளைத்தமிழை நினைத்துப் பார்க்கிறேன். கடவுளையே குழந்தையாக்கிய அந்த மரபு, கையூன்றித் தலை நிமிர்வதைச் செங்கீரை என்றும், கைகொட்டுவதைச் சப்பாணி என்றும், தளர்நடையை வருகை என்றும் தனித்தனிப் பருவமாக்கியது. ஒவ்வொரு பருவத்துக்கும் வழக்கமாகப் பத்துப் பாட்டு. வா வா என்று பத்து முறை அழைக்கும் புலவர் அந்தக் குழந்தையிடம் குறை காணவில்லை. அழைப்பதும் ஏற்பதும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

இதையெல்லாம் தாய் ஒருத்தி தலையில் கட்டுவது அநியாயம் என்று சொன்னால், நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்பா கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்தபின் எட்டு நிமிடம் அவருடையதாகட்டும். குளிப்பாட்டும் நேரம் பாட்டியுடையதாகட்டும். வீட்டுக்கு வெளியேயும் துணை உண்டு: மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் அது. வாசலுக்கு வரும் அந்த ஊழியரிடம், பாயில் கிடக்கும் இந்தப் பிள்ளையையும் பாருங்கள் என்று கேட்கும் உரிமை கல்லாவி வீடுகளுக்கு உண்டு.